மூன்று அடுக்கு ஆதரவு முறை: நான்காம் வகுப்பில் இதை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், தமிழ்வழிப் பிரிவும் மலையாளவழிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்கும் எய்டட் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு மூன்று அடுக்குகளாக உதவி தரும் முறையை இந்த ஆண்டு நடைமுறைப்படுத்துவது என்று எங்கள் எஸ்.ஆர்.ஜி. (பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பாடங்களைத் திட்டமிடும் குழு) கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. முதல் அடுக்கு வகுப்பிலுள்ள எல்லோருக்கும், இரண்டாவது சிறு குழுவுக்கு, மூன்றாவது மிகுந்த தேவை உள்ள ஓரிருவருக்குத் தனியாக என்ற அளவில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதைத் திங்கட்கிழமை காலை வகுப்பறையில் எப்படிச் செய்வது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

என் வகுப்பில் 31 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைக்கூடத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள். ஓணத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து இவர்களைப் பிரிக்கலாமா? சிறு குழுவுக்கான நேரத்தை எந்தப் பாடவேளையிலிருந்து எடுப்பது? ஒரு பிள்ளை இரண்டாம் அடுக்கிலிருந்து மேலே வந்துவிட்டது என்றோ, மூன்றாம் அடுக்குக்குப் போக வேண்டும் என்றோ எதை வைத்து, எத்தனை வாரம் கழித்து முடிவு செய்வது? வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசிவிட்டுத் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. அவர்களுடைய தடுமாற்றம் மொழிப் பழக்கக் குறைவா, கற்றல் குறைபாடா என்று நான் எப்படிப் பிரித்தறிவேன்?

எனக்கு ஓர் அச்சமும் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குமேல் நடக்கும் சிறப்பு வகுப்பை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜூனில் அங்கே உட்காரும் அதே பிள்ளைகள்தான் மார்ச்சிலும் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் புரியாத பாடமே மாலையில் இன்னும் உரத்த குரலில் நடக்கும். இந்தப் புதிய முறையும் பெயர் மாறிய மாலை வகுப்பாக முடிந்துவிடக் கூடாது. எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 30 விழுக்காடு குறைந்தபட்ச மதிப்பெண் என்ற விதி 2024-25 கல்வியாண்டில் வந்தபிறகு, "அடித்தளத்தை நீங்கள் ஒழுங்காகப் போட்டு அனுப்புங்கள்" என்ற பேச்சு கீழ்வகுப்பு ஆசிரியர்களை நோக்கியே வருகிறது. அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் பள்ளிக்கே உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: நல்லேப்பிள்ளியிலிருந்து அயல்நாடு சென்றவர்

டீச்சர், அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாசிப்பு ஆதரவு ஆசிரியராகப் பல ஆண்டுகள் இந்த முறைக்குள்ளேயே வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இது எதற்காக வந்தது என்பது தெரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

அங்கே நெடுங்காலமாக, ஒரு பிள்ளையின் நுண்ணறிவு எண்ணுக்கும் (ஐ.க்யூ.) அதன் படிப்பு மட்டத்துக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால்தான் கற்றல் குறைபாடு உண்டு என்று ஏற்பார்கள். அந்த இடைவெளி அளக்கும்படியாகப் பெரிதாவதற்குள் பிள்ளை மூன்றாம் நான்காம் வகுப்புக்கு வந்துவிடும். அதுவரை உதவி எதுவும் கிடைக்காது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கான கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தை 2004-இல் திருத்தியபோது, ஆய்வில் தேறிய கற்பித்தலைக் கொடுத்துப் பார்த்து அதற்குப் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கலாம் என்று வழி திறந்தார்கள். அடுக்கு முறை பள்ளிகளில் பரவியது அதன்பிறகுதான். பிள்ளை விழும்வரை காத்திருக்காமல், சறுக்கத் தொடங்கும்போதே கை கொடுப்பது அதன் நோக்கம். அதற்கு அடிப்படையாக இருந்த சிந்தனை பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்தது. ஊருக்கெல்லாம் நல்ல குடிநீர், நோய் வரக்கூடியவர்களுக்குக் கூடுதல் கவனம், நோயாளிக்குச் சிகிச்சை என்ற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கு எண்பது பேருக்கு முதல் அடுக்கே போதும், பதினைந்து பேருக்கு இரண்டாவது, ஐந்து பேருக்கு மூன்றாவது என்ற கணக்கு எல்லாப் பயிற்சிகளிலும் காட்டப்படும். அது ஒதுக்கீடு ஆகாது. முதல் அடுக்கு நன்றாக நடக்கும் பள்ளியில் எதிர்பார்க்கத்தக்க நிலை அது. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் வாசிக்கத் திணறுகிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுடைய முதல் வேலை குழு பிரிப்பது ஆகவே முடியாது. பதினைந்து பிள்ளைகளை நான்கு நான்காகப் பிரித்து வாரத்தில் நான்கு நாள் உட்கார வைக்க எந்தப் பள்ளியிலும் ஆள் இருக்காது. முதல் எட்டு வாரம் வகுப்பு முழுவதற்கும் ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம், எழுத்தையும் ஒலியையும் இணைத்துத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பது, சேர்ந்து உரக்க வாசிப்பது, இருவர் இருவராக வாசித்துக் காட்டுவது என்று நடத்துங்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கும் இதனால் நட்டமில்லை. அவர்கள் சரளமும் கூடும். அதன்பிறகும் பின்னால் நிற்பவர்கள்தான் உங்கள் இரண்டாம் அடுக்கு. பெரும்பாலான பள்ளிகள் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். முதல் அடுக்கைத் தொடாமல் நேராகப் பட்டியல் எழுதப் போய்விடுகிறார்கள்.

தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையும், வாசித்தாலும் பொருள் புரியாத பிள்ளையும், எழுதும் வேகம் இல்லாத பிள்ளையும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றல்ல. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, முந்தைய வகுப்பு அளவிலான, அது முன்பு பார்த்திராத ஒரு பத்தியை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லிச் சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்த அளவை இது. பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் பிள்ளையின் பொது வாசிப்புத் திறனை வியக்கத்தக்க அளவில் காட்டிக்கொடுக்கும். கல்வியாண்டின் தொடக்கம், நடு, இறுதி என மூன்று முறை எல்லோருக்கும் செய்ய வேண்டும். "இவன் நன்றாகப் படிப்பவன், இவனுக்கு வேண்டாம்" என்று ஒருவரையும் விடக் கூடாது. அமைதியாக உட்கார்ந்து தப்பித்துக்கொண்டிருக்கும் பிள்ளை அப்போதுதான் கண்ணில் படும்.

ஆங்கிலத்துக்கு வகுத்த நிமிடச் சொல் அளவுகளை அப்படியே தமிழுக்குப் பொருத்த வேண்டாம். "வந்துகொண்டிருந்தவர்களுக்காக" என்பது நமக்கு ஒரே சொல். அடிப்படை எழுத்தறிவுக்காக ஒன்றிய அரசு நடத்தும் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவுக்குள் நிமிடத்துக்கு 60 சொற்கள் என்று ஓர் இலக்கு வைத்திருக்கிறது. அதை ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டு, உங்கள் வகுப்பின் நடுவில் நிற்கும் பிள்ளைகள் எவ்வளவு வாசிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்வித் துறை 2015-இல் வெளியிட்ட பெரிய மதிப்பீடு ஒன்றில், வெட்டுமதிப்பெண்ணுக்குச் சற்றே கீழே இருந்ததால் கூடுதல் உதவிக்கு அனுப்பப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள், சற்றே மேலே இருந்ததால் வகுப்பிலேயே தங்கியவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பல பள்ளிகளில் அந்தச் சிறு குழு நடந்தது வகுப்பின் முதன்மை வாசிப்பு நேரத்தில்தான் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதுதான் காரணம் என்று ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. என் கணிப்பில் அது பெரிய காரணம். இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின்மேல் சேர வேண்டும். முதல் அடுக்கிலிருந்து பிடுங்கி இரண்டாம் அடுக்கைக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டுமே அரைகுறையாகும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கொல்லங்கோடு

மேலே எழுதியவர் சொன்ன நேரக் கணக்கை நம் ஊர்ப் பள்ளி மணிக்குள் எப்படி அடக்குவது என்பதை மட்டும் எழுதுகிறேன், டீச்சர்.

ஒரே ஆசிரியர் தன் வகுப்புக்குள் மூன்று அடுக்கையும் நடத்த முயன்றால், இரண்டே வாரத்தில் களைத்துப்போய் விட்டுவிடுவார். இது பள்ளி செய்ய வேண்டிய வேலை. இரண்டு, மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு வாரத்தில் நான்கு நாள் ஒரே பாடவேளையைப் பொதுவாக ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் எவருக்கும் புதிய பாடம் கிடையாது. எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைகள் எந்த வகுப்பில் இருந்தாலும் ஓர் ஆசிரியரிடம் போவார்கள். சொல் வரை வந்தவர்கள் இன்னொருவரிடம். சரளமாக வாசிப்பவர்கள் நூலகப் புத்தகங்களோடு மூன்றாமவரிடம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வகுப்பைப் பாராமல் மட்டத்தைப் பார்த்துக் குழு அமைக்கும் முறையை வட மாநிலங்களில் நெடுநாளாகச் செய்துவருகிறது. ஹரியானாவில் 2012-13-இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களே நாள்தோறும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி அப்படி நடத்தியபோது பிள்ளைகளின் ஹிந்தி வாசிப்பு உயர்ந்தது என்று ஆய்வு காட்டியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியையும் கையேட்டையும் கொடுத்துவிட்டு நேரத்தை மட்டும் ஒதுக்காமல் விட்ட வேறு இடங்களில் அந்தப் பலன் வரவில்லை. ஆகையால் உங்கள் எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் முதலில் சண்டை போட்டு வாங்க வேண்டியது நேரத்தை. படிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நேரம் என்று கேட்பீர்கள். விளையாட்டு, கைவேலை, பாட்டு நேரத்தை எடுக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு அந்த ஒரு மணி நேரம்தான் காரணமாக இருக்கக்கூடும். மாலை நான்கு மணிக்குப் பிறகும் வேண்டாம். வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் போகும் பேருந்தை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மதிய உணவு முடிந்தவுடன் வரும் பாடவேளை எங்கள் அனுபவத்தில் ஒத்துவந்தது. அந்த நேரத்தில் விரிவுரையாக எதையும் எப்படியும் நடத்த முடியாது. எழுந்து இடம் மாறி உட்கார்ந்து வேலை செய்யும் வகுப்புக்கு அது பொருத்தமானது.

இரண்டாம் அடுக்குக்கான சிறு குழுவில் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதில் ஒத்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: கடன் வாங்கிக் கழிப்பதில் தவறும் பிள்ளைக்கும், இடமதிப்பே புரியாத பிள்ளைக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்தால் இரண்டு பேருடைய நேரமும் வீண்.

இன்னொன்று: குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டாம். பூப்பெயர் வைத்தாலும், எது கடைசிக் குழு என்பது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். குழுவில் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பெயரும் ஒட்டாது.

மறுமொழி 3: ஒரு பெற்றோர், வேலந்தாவளம்

ஆசிரியர்களுக்கு வணக்கம். என் மகளை இப்படி ஒரு தனிக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளியில் கேட்டபோது "கொஞ்சம் வீக்காக இருக்கிறாள்" என்ற ஒரு சொல்லோடு பதில் முடிந்தது. எதில் பின்தங்கியிருக்கிறாள், எவ்வளவு நாளைக்கு இந்தக் குழு, வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்கள் தோப்பு வேலைக்கும் மில் வேலைக்கும் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறோம். அரை மணி நேரம் பாடம் சொல்லிக்கொடு என்றால் முடியாது. ஆனால் "தினமும் இந்தப் பத்து வரியை அவள் வாசிக்க, நீங்கள் கேளுங்கள்" என்றால் நிச்சயம் செய்வோம். சேர்க்கும்போதே பெற்றோரை அழைத்துப் பேசும் வழக்கத்தையும் இந்த முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 4: சிறப்புக் கல்வியாளர், பொள்ளாச்சி

வேலந்தாவளத்து அம்மா சொன்னது மிகவும் சரி. வகுப்புப் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல் தனியே அழைத்து, பிள்ளை இப்போது எதைச் செய்கிறது, எட்டு வாரத்தில் எதை எதிர்பார்க்கிறோம் என்று சொல்லி, வாசித்த தாளையே கையில் காட்ட வேண்டும். "வீக்" என்ற சொல்லால் பெற்றோருக்கு எந்தச் செய்தியும் போய்ச் சேர்வதில்லை.

மொழியா குறைபாடா என்ற கேள்விக்கு வருகிறேன். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தெலுங்கிலேயே ஒரு சிறு கதையைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அந்த மொழி தெரிந்த அண்டைவீட்டார் ஒருவரோ சத்துணவுக்கூட அம்மாவோ உதவலாம். வீட்டு மொழியில் கோவையாகச் சொல்கிறது, தமிழில் மட்டும் திணறுகிறது என்றால், அதற்கு வேண்டியது தமிழ்ச் சொற்களும் பேச்சுப் பழக்கமும். வீட்டு மொழியிலும் சொற்களை ஒலியாகப் பிரிக்க முடியவில்லை, அதே வீட்டில் அதே பள்ளியில் படித்த அண்ணனும் அக்காளும் இயல்பாக வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள், நல்ல பயிற்சி கொடுத்தும் எழுத்துகள் நினைவில் தங்கவில்லை என்றால், அது வேறு. மலையாளப் பிரிவும் உங்கள் வளாகத்திலேயே இருப்பதால், இரண்டு எழுத்தையும் ஒரே நேரத்தில் கற்கும் பிள்ளைகள் சில வடிவங்களை மாற்றிப் போடுவது இயல்பு. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

தமிழில் எங்கே தடுக்குகிறது என்று கூர்ந்து பாருங்கள். உயிரும் மெய்யும் தெரிந்த பல பிள்ளைகள் உயிர்மெய்க் குறிகளில் நிற்பார்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், எழுத்துக்கு முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்க வேண்டிய குறிகளும், இரண்டு பக்கமும் குறி வரும் கொ, கோ வரிசையும் தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட வேண்டியவை. 247 எழுத்தையும் அட்டையைப் பார்த்து ஒப்பிக்கும் பிள்ளைக்கு "கேணி" என்ற சொல்லை வாசிக்க வராது. இரண்டாம் அடுக்குக் குழு ஒன்றை இந்தக் குறிகளுக்காக மட்டுமே ஆறு வாரம் நடத்தலாம்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று மட்டம் பிரித்து, ஒரே வகுப்பறையில் வேறுவேறு பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரித்தார்கள். எல்லைக்கு அப்பால் இருக்கும் உங்களுக்கு அந்தப் பயிற்சி நூல்கள் பார்வைக்குப் பயன்படும். ஆனால் ஆண்டு முழுவதும் அரும்பாகவே இருந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். மட்டம் பிரிப்பதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்தால் அதுதான் நடக்கும்.

மூன்றாம் அடுக்குப் பற்றி ஒரு சொல். அங்கே போகும்முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டீர்களா, வருகைப் பதிவேட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைதோறும் வராத பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சிக்கு முன்னால் வேறு உதவி வேண்டும். அவை சரியாக இருந்தால், ஒருவர் அல்லது இருவராக, நாள்தோறும், பி.ஆர்.சி.யிலிருந்து (வட்டார வள மையம்) வரும் சிறப்பு ஆசிரியரோடு நீங்களும் சேர்ந்து திட்டமிட்டு நடத்துங்கள். அவர் வாரத்தில் சில நாட்களே வர முடியும் என்பதால், வராத நாட்களில் அதே பயிற்சியைத் தொடர்பவர் யார் என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் வரும் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" (ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிஸெபிலிட்டி) 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. பெற்றோர் மதிப்பீடு கேட்டால், "முதலில் இரண்டாம் அடுக்கு முடியட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்காவிலேயே, அடுக்கு முறையைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தாமதப்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2011-இல் மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. அதே நேரத்தில் சான்றிதழ் வரும்வரை உதவியை நிறுத்தியும் வைக்காதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.

மறுமொழி 5: மூணாறு எஸ்டேட் பள்ளி ஆசிரியர்

எங்கள் பள்ளியில் ஒன்று முதல் நான்கு வரை சேர்த்தே மிகச் சில பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். பொதுப் பாடவேளை, மூன்று ஆசிரியர், மூன்று குழு என்பதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது. ஆனால் வகுப்பைக் கலைத்து மட்டத்தால் சேர்ப்பது எங்களைப் போன்ற இடத்தில்தான் எளிது. நாங்கள் வேறு வழியில்லாமல் முன்பே அப்படித்தான் நடத்துகிறோம். ஒருவர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் எஞ்சிய எல்லோருக்கும் கதை வாசிக்கிறார். எங்களிடம் இல்லாதது அந்த ஒரு நிமிட அளவையும் அதன் பதிவும்தான். இனி அதைத் தொடங்குகிறோம்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையை மூன்று வகுப்புகளுக்கும் பொதுவாக்க ஒப்புக்கொண்டார். முதல் எட்டு வாரம் வகுப்பு முழுவதற்கும் என்பதை மற்ற ஆசிரியர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள். பாடப்பகுதி முடியாது என்கிறார்கள். அதைக் கூட்டத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும். எனக்கு எஞ்சியிருப்பது ஒரே ஐயம். ஏற்றுவதும் இறக்குவதும் எதை வைத்து? பதிவேடுகள் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கின்றன.

மறுமொழி 6: நல்லேப்பிள்ளியிலிருந்து அயல்நாடு சென்றவர்

பதிவேடு வேண்டாம், டீச்சர். இரண்டாம் அடுக்கிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டத்தாள் போதும். கீழே வாரங்கள், பக்கவாட்டில் சரியாக வாசித்த சொற்கள். முதல் வாரத்தில் மூன்று பத்திகள் வாசிக்கச் சொல்லி, நடு எண்ணைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். எட்டாம் வாரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு புள்ளியை வைத்து இரண்டையும் கோட்டால் இணையுங்கள். பிறகு வாரம் ஒரு முறை, ஒரே கடினத்தில் உள்ள வேறு வேறு பத்திகளைக் கொடுத்து ஒரு நிமிடம் கேட்டு, புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். பிள்ளையையே வைக்கச் சொல்லுங்கள்; அதற்கு அதில் பெரிய ஆர்வம் இருக்கும்.

அடுத்தடுத்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். நாங்கள் முதலில் பார்ப்பது, பிள்ளை உண்மையில் எத்தனை நாள் குழுவுக்கு வந்தது, குழு உண்மையில் எத்தனை நாள் நடந்தது என்பதை. ஓண விடுமுறை, கலோத்ஸவம் என்ற பள்ளிக் கலைவிழா, மழை விடுமுறை என்று பாதி நாட்கள் போயிருந்தால் பிள்ளைமீது பழி போடுவதற்கு ஒன்றுமில்லை. நாட்கள் சரியாக இருந்தால் குழுவைச் சிறிதாக்குங்கள், நேரத்தைக் கூட்டுங்கள் அல்லது தடுக்கும் இடத்தைத் தவறாகக் கணித்தோமா என்று பாருங்கள். இப்படி மாற்றிப் பார்த்தும் இரண்டாவது சுற்றிலும் கோடு எழவில்லை என்றால் மூன்றாம் அடுக்கு. நான்கு புள்ளிகள் தொடர்ந்து கோட்டுக்கு மேலே இருந்தால் இலக்கை உயர்த்துங்கள். வகுப்பின் நடு அளவை எட்டிவிட்டால் குழுவிலிருந்து விடுவியுங்கள். விடுவித்த பிள்ளையை ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்க மறக்காதீர்கள். சிலர் மீண்டும் சறுக்குவார்கள், அவர்கள் தயக்கமின்றித் திரும்பி வரலாம்.

காகிதம் பெருகுவதைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. பின்லாந்து 2011-இல் மூன்றடுக்கு ஆதரவைச் சட்டமாகவே கொண்டுவந்த நாடு. 2025 ஆகஸ்ட் முதல் அந்த அமைப்பையே மாற்றி வேறு ஏற்பாட்டுக்குப் போய்விட்டது. ஆக, அடுக்குகளின் எண்ணிக்கையில் புனிதம் எதுவும் இல்லை. கூட்டத்தில் பாடப்பகுதி முடியாது என்பவர்களிடம் வாதிட வேண்டாம். ஜூன் மாதத்து ஒரு நிமிட எண்களை, பெயர்களை மறைத்துவிட்டு, வகுப்புவாரியாக அவர்கள் முன் வையுங்கள். நான்காம் வகுப்பில் பாதிப் பேரால் வாசிக்க முடியாத பாடப்பகுதியை முடித்து என்ன செய்வது என்று அவர்களே கேட்பார்கள்.